கோடிக்கரைக்குப் போன அரிசி வேன்

தாமல் ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் தங்கள் வண்டியை நிறுத்தி மூன்று நாள் தங்கியிருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே ஓட்டிவந்தவர்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். யாரோ சொல்லி, என் அப்பா அவர்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

"வண்டிக்குள்ளயே பலகை அடிச்சி வச்சிக்கினு படுக்கறாங்க. பக்கத்துல ஒரு தார்ப்பாய இழுத்துக் கட்டுனா அது சமையக்கட்டு. எங்க புடிக்குதோ அங்க நிக்கறாங்க. இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கைகளை விரித்து அளந்து காட்டினார்.

எழுபத்திரண்டு அல்லது எழுபத்துமூன்றாம் வருடமாக இருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு. முசரவாக்கத்தில் கொஞ்சம் நிலமும் பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் அரிசிக் கடையும் எங்களுக்கு இருந்தன. கடைக்கு மூட்டை ஏற்றிவர அப்பா ஒரு பழைய வேன் வைத்திருந்தார். அதன் பாட்டரி பாதி நாள் தூங்கும். முன்பக்கத்தில் ஹேண்டிலைச் செருகி வேகமாகச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். அந்த வேனில் கோடை விடுமுறைக்குக் காட்டையும் கடலையும் பார்த்துக்கொண்டே கோடிக்கரை வரை போய்வரலாம் என்று அப்பா முடிவு கட்டினார்.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். வெங்காயம், கிழங்கு எதுவும் வீட்டுக்குள் வராது. அதனால் வெளியூர் என்றால் உறவுக்காரர் வீடுதான். ஓட்டல் வாசலை நான் மிதித்ததே இல்லை. இந்த விரதங்களில் ரொம்பக் கண்டிப்பானவள், கணவர் இறந்தபின் எங்களோடு வந்து தங்கிவிட்ட அத்தை, அப்பாவின் அக்கா. அவள் தடுத்துவிடுவாள் என்று நானும் தம்பியும் பயந்துகொண்டிருந்தோம். நடந்தது நேர்மாறு.

"நம்ம அடுப்பு, நம்ம தண்ணி, நம்ம நேரம். இது நமக்குன்னே செஞ்சா மாதிரி இருக்குதேப்பா!" என்று சொல்லிவிட்டு, வடிகட்டும் துணிகளைத் துவைத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள் அத்தை.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எத்தினி நாளுங்க?"

"பத்து நாளு."

"சரி" என்று சொல்லி, புளிக்காய்ச்சல் கிளற உள்ளே போனாள். அம்மா அப்படித்தான். கேள்வி ஒன்று கேட்பாள். மற்றதைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

வேனைக் கழுவி, மூலைகளில் அடைந்திருந்த தவிட்டைச் சுரண்டி எடுத்தோம். நெய்த் தகரங்களை அடுக்கி மேலே பலகை போட்டதில் மூன்று பேர் படுக்க இடம் கிடைத்தது. மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு குடம், தார்ப்பாய், முறுக்குத் தூக்கு, ஒரு சின்ன மூட்டை அரிசி. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் நாங்கள் மூவரும்.

வந்தவாசி வழியாகச் செஞ்சி போய், அதற்கப்பால் பக்கமலைக் காட்டு ஓரத்தில் முதல் நாள் நிறுத்தினோம். மணி நான்குகூட ஆகவில்லை. ஆனால் அடுப்பு மூட்டுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அத்தை ஒரு மெல்லிய துடைப்பத்தால் தரையைத் தடவிக்கொண்டே வந்து குனிந்து பார்ப்பாள். "இங்க எறும்பு குடியிருக்குது. தள்ளிக்கோ." தள்ளினோம். "இங்கயும்தான்." மறுபடி தள்ளினோம். நான்காவது இடம் ஒரு பெரிய பாறை. அதன்மேல் அடுப்பை வைத்து அம்மா சோறு வடித்தாள். பாறையில் பகல் வெயில் இன்னும் இருந்தது. மயில்கள் அகவ, இலையில் புளிச்சோறும் அப்பளமும். சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தபோது மலைக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. "பாத்தியா, மணி அடிச்சா மாதிரி முடிச்சிட்டோம்" என்று அப்பா தொடையில் தட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் கடலூரில் கடலைப் பார்த்தோம். தம்பி அதை நோக்கிக் கல்லெறிந்துவிட்டு, அது கோபித்துக்கொண்டு திரும்பி வருகிறது என்று அழுதான். மூன்றாம் நாள் தரங்கம்பாடி. கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, மீனவர் குப்பத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். எதிரே பாய் விரித்துக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாய்க்குச் சொந்தக்காரி இடுப்பில் கை வைத்து எங்களையே பார்த்தாள்.

"வாடை பிடிக்கலைங்களாம்மா?"

அப்பா கூசிப்போனார். "நாங்க அதெல்லாம் சாப்புடறதில்ல தாயி. எங்க வழக்கம் அப்படி. நாங்க வேணா அப்பால போயிடறோம்."

"நீங்க ஏன் போறீங்க? நாலு பாய இழுத்துப் போட எனக்கு எவ்வளவு நேரம்?" என்று சொல்லி, காற்று எங்கள் பக்கம் வராத இடத்துக்குப் பாய்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அத்தையின் மனம் எங்கே இளகியதோ தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தால், அந்தப் பெண்ணின் மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். தலை நிறையப் பேன். சீப்பில் வந்த ஒவ்வொன்றையும் அத்தை மெதுவாக மணலில் உதறினாள்.

"குத்துங்கம்மா! திரும்ப ஏறிக்குமே!" என்று தாய்க்காரி பதறினாள்.

"அய்யோ, வேணாம்மா. அதுவும் ஒரு உயிருதான?"

தாய்க்காரி மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் தாண்டிக் கோடிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வனக்காவலர் ஒருவர், காட்டுக்கு வெளியே பெரிய பாலை மரம் ஒன்றைக் காட்டி அதனடியில் தங்கச் சொன்னார். அது பழக் காலம். மஞ்சளாக, வேப்பம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிதாகப் பாலைப்பழங்கள் உதிர்ந்து கிடக்கும். தின்றால் உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அத்தை ஒவ்வொரு பழத்தையும் பிட்டு, உள்ளே புழு இல்லை என்று பார்த்துத்தான் எங்களிடம் தருவாள். காலையில் வெளிமான்கள் கூட்டமாகப் புல்வெளியைக் கடந்து போகும். அங்கிருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றில் மொண்டு வடிகட்டிய பிறகு, அந்தத் துணியை அதே கிணற்றிலேயே அலசுவோம். துணியில் தங்கிய சின்ன உயிர்கள் தங்கள் இடத்துக்கே திரும்பிப் போகட்டும் என்று. இதைக் கண்ட வனக்காவலர் அதன்பின் அத்தையிடம் தனி மரியாதையோடு பேசினார். அங்கே மூன்று நாள் இருந்தோம். அப்பா ஒரு வேலையும் செய்யாமல் மர நிழலில் படுத்துக் கிடந்தார். அவரை அப்படிப் பார்ப்பதே எங்களுக்கு வேடிக்கை.

ஊர் திரும்ப வேண்டிய நாள் காலை. மூட்டை முடிச்செல்லாம் ஏற்றியாயிற்று. அப்பா ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். இரண்டு முறை இருமிய எஞ்சின் மூன்றாவது முறை எதிர்த்து அடித்தது. ஹேண்டில் திரும்பிச் சுழன்று அவர் வலது மணிக்கட்டில் விழுந்தது. 'டக்'கென்ற சத்தம் எனக்கே கேட்டது. அப்பா கத்தவில்லை. கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

உப்பு ஏற்றிக்கொண்டு போன லாரியை வனக்காவலர் கைகாட்டி நிறுத்தினார். அப்பாவும் அம்மாவும் அதில் ஏறி வேதாரண்யம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அத்தை எங்களை அணைத்துக்கொண்டு மந்திரம் சொல்லியபடியே இருந்தாள். பிற்பகல் பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கியபோது அப்பாவின் கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. எலும்பு முறிந்திருந்தது. ஒன்றரை மாதம் அசைக்கக்கூடாது.

"வண்டிய இங்கயே போட்டுட்டு பஸ்ல போயிடலாம். கட்டுப் பிரிச்ச பெறகு வந்து எடுத்துக்கினு போறேன்" என்றார் அப்பா.

வனக்காவலருக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார். வர ஒரு வாரமாகும்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலேயே சொன்னாள்: "நான் ஓட்டறேன்."

அவ்வளவு வலியிலும் அப்பா சிரித்துவிட்டார். "இன்னாது?"

"கிளட்ச மிதிச்சிக்கினு கியர் போடறீங்க. அப்புறம் கிளட்ச மெதுவா வுட்டுக்கினே இந்தப் பக்கம் அமுக்கறீங்க. சத்தம் ஒரு மாதிரி ஏறுனா அடுத்த கியரு. மேடு வந்தா திரும்பக் கீழ எறக்கறீங்க. காஞ்சிபுரத்துலருந்து பாத்துக்கினுதான வர்றேன்?"

சிரிப்பு அப்பாவின் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. பிறகு அத்தை பக்கம் திரும்பினார், அவளாவது வேண்டாம் என்று சொல்வாள் என்பதுபோல.

"என்னைய ஏன்டா பாக்கற? கை இருக்குது, கால் இருக்குது. ஓட்டட்டும்" என்றாள் அத்தை.

வனக்காவலர் பாட்டரியைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். உப்பளங்களை ஒட்டி நீளமாக, இறுகிய மண் பாதை ஒன்று போனது. எதிரே வண்டி வராது. மறுநாள் காலை அங்கேதான் பாடம். அம்மா புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா. நானும் தம்பியும் அத்தையும் பாதை ஓரத்தில் நின்றோம். வேன் ஒரு துள்ளு துள்ளி நின்றது. திரும்பக் கிளம்பி, திரும்பத் துள்ளியது. உப்புக் கூடையைத் தலையில் வைத்திருந்த பெண்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். பத்துத் துள்ளலுக்குப் பிறகு வேன் தவழ ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களுக்கு நடுவே அது போய்க்கொண்டே இருந்தது. தம்பி கூடவே ஓடினான்.

அன்று மத்தியானம் அம்மாவின் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். ஸ்டியரிங்கை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பாவுக்கோ வலது கை இல்லை. அத்தை ஒரு பாத்திரத்தில் தயிர் சோறு பிசைந்து, இருவரையும் எதிரில் உட்காரவைத்து மாறி மாறி ஊட்டினாள்.

"எங்க வூட்ல நாலு கொழந்தைங்க" என்றாள் எங்களைப் பார்த்து.

மறுநாள் வளைவு ஒன்றில் அம்மா தவறவிட்டாள். முன்சக்கரம் உப்பளத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் இறங்கிவிட்டது. அம்மா இறங்கி, கரையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அதற்குள் உப்பளத்துப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வந்து பத்துப் பேராக வேனைத் தூக்கிப் பாதையில் வைத்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"ஏறுங்கம்மா. நாங்க இவ்வளவு பேரு பாத்துக்கிட்டு நிக்கிறோம்ல, பாதியில விட்டா எப்படி?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். அன்று பொழுது சாய்வதற்குள் எட்டு முறை அந்தப் பாதையின் கோடி வரை போய் வந்தாள்.

மூன்றாம் நாள் புறப்பட்டோம். ரஸ்க் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, முன்னாலும் பின்னாலும் பெரிய 'எல்' எழுதிக் கட்டினேன். அட்டை கட்டினால் மட்டும் சட்டப்படி ஆகிவிடாது என்று அப்பாவுக்குத் தெரியும். "எதுக்கால வர்றவனுக்காவது தெரியட்டும்" என்றார். ஹேண்டிலை அத்தை துணியில் சுற்றிப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதன்பின் பாட்டரி சண்டி செய்தபோதெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள்தான் தள்ளிவிட்டார்கள். அத்தையும் சேர்ந்து தள்ளுவாள்.

மாட்டுவண்டி எங்களை முந்தாது, அவ்வளவுதான் வேகம். வரும்போது நான்கு நாளில் கடந்த தூரம் திரும்பும்போது ஐந்து நாள் ஆனது. முதல் நாள் முழுக்க அப்பா காலியான தரையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். எதிரே பஸ் வந்தால் அவருடைய கால் தானாக அமுங்கும். பூம்புகார் தாண்டியபோது அந்தக் கால் ஓய்ந்துவிட்டது. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

"இந்த ரோட்டுல இவ்ளோ தென்னையா இருந்துது? வரும்போது நான் ஒண்ணையும் பாக்கலையே!"

"நீங்க ரோட்டத்தான பாத்துக்கினு வந்தீங்க" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே.

கொள்ளிடத்தில் சோதனைச் சாவடி. அந்தக் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அனுமதி இல்லாமல் அரிசி வெளியே போகக்கூடாது. எங்கள் வேனின் பக்கவாட்டில் 'அரிசி மண்டி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் விசிலடித்துக்கொண்டே ஓடிவந்தார். ஓட்டும் இடத்தில் அம்மாவைப் பார்த்ததும் விசில் வாயிலேயே நின்றுவிட்டது.

"நீயாம்மா ஓட்டுற? லைசென்ஸ் இருக்கா?"

அப்பா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். போலீஸ்காரர் பின்கதவைத் திறந்தார். தலையணை, குடம், கொடியில் காயும் வடிகட்டும் துணி, நடுவில் சம்மணமிட்ட அத்தை.

"அரிசி எவ்வளவு இருக்கு?"

அத்தை பாத்திரத்தைத் திறந்து காட்டினாள். "ராத்திரிக்கு இல்லப்பா, நாங்க ராத்திரி துன்றதில்ல. நாளைக்கிக் காலைல பொங்கலுக்கு ரெண்டு ஆழாக்கு இருக்குது. அதுவும் காஞ்சிபுரத்து அரிசி. நீயே மோந்து பாரு."

அவர் சிரித்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. அத்தை நீட்டிய இரண்டு பாலைப்பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, உதடு ஒட்ட, "பாலம் குறுகல். நான் முன்னாடி நடக்கிறேன், பின்னாலேயே வாங்க" என்றார். எதிரே வந்த வண்டிகளை நிறுத்திவைத்து, அந்த நீளப் பாலம் முழுவதும் முன்னால் நடந்தார். அக்கரை போனதும், "லைசென்ஸ் மட்டும் எடுத்துடுங்கம்மா" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

அங்கிருந்து பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குள் ஓடம் போனது. இரண்டு பக்கமும் வேர்கள் நூற்றுக்கணக்கில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அம்மா பலகையில் சாய்ந்து, கொப்புளம் உடைந்த கைகளைத் தண்ணீரில் விட்டபடி வந்தாள். உப்புத் தண்ணீர் எரியுமே என்று நான் கேட்டேன்.

"எரியுது. நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை காஞ்சிபுரம் வந்துவிட்டோம். எங்கள் தெருவுக்கு முந்தைய தெருவில் நெசவாளர்கள் பட்டு நூலைப் பாவாகத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழைகளைப் பிரித்துச் சீராக்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போகலாமென்றால் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அப்போதுதான் அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ரிவர்ஸ் சொல்லித் தரவே இல்லையே! வூட்டுக்குப் போறதுன்னா முன்னாலதான போவணும்னு வுட்டுட்டேன்."

அம்மா எஞ்சினை அணைத்தாள். "அவங்க வேல முடியட்டும். நமக்கு இன்னா அவசரம்?"

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பாவுக்கு அந்தப் பக்கமிருந்து தெலுங்குக்கார அக்கா ஒருத்தி முதலில் பார்த்தாள். "தேவுடா! நீயா அக்கா ஓட்டிக்கினு வர்ற?" அவ்வளவுதான்; வீடு வீடாகப் பெண்கள் இறங்கிவந்து வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, போய் மஞ்சளும் நெய்யும் குழைத்து எடுத்துவந்து தடவினாள். அப்பா இறங்கி ஆண்களிடம் போய், கொள்ளிடம் பாலத்தை அம்மா எப்படிக் கடந்தாள் என்று கட்டுப்போட்ட கையாலேயே காட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கை கூடிவிட்டது. மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்ததே தவிர, மூட்டை தூக்கத் தடையில்லை. அம்மா அந்த வருடமே செங்கல்பட்டுக்குப் போய், ரிவர்ஸ் உட்பட எல்லாம் ஓட்டிக்காட்டி லைசென்ஸ் வாங்கினாள். அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு நெல் ஏற்றிவருவது அவள் வேலையாயிற்று.

அடுத்த கோடையில் அதே வேனில் ஏலகிரிக்குப் போனோம். மலை ஏறும்போது அம்மா ஓட்டினாள், இறங்கும்போது அப்பா. இறங்குவதுதான் கஷ்டம் என்றார் அப்பா. ஏறுவதுதான் என்றாள் அம்மா. இருவரும் இருந்தவரை அந்த வழக்குத் தீரவில்லை.